கப்பல் டிக்கெட் எடுத்தாச்சு, மிச்சத்துக்கெல்லாம் காசு கட்ட வேணுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. குரூஸ் போகிற எண்ணமே இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். போக இருப்பவர்களும், வெளிநாட்டில் இருக்கும் மகன் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிற உம்மா வாப்பாமாரும் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

நம்ம பக்கம் இந்தப் பேச்சு இப்போது கூடிவிட்டது. முன்பு சொகுசுக் கப்பல் என்றால் டிவியில் பார்க்கிற சாமான். 2023 ஜூனில் கோர்டீலியா கொம்பனியின் எம்ப்ரஸ் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்து போனது. அதற்குப் பிறகு "நாமளும் ஒருக்கா போனா என்ன" என்ற கதை தொடங்கியது. இப்போது கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கிற பிள்ளைகள் லீவுக்கு வரும்போது குடும்பத்தோடு சிங்கப்பூர் போய், அங்கிருந்து மூன்று அல்லது நான்கு இரவு கப்பலில் பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டு வருகிறார்கள். போன வருடம் மச்சானின் தயவில் எங்கள் குடும்பமும் அப்படியொரு பயணம் போய் வந்தது. அதிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்விதான்.

போன கிழமை என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் எழுதியிருந்தார். "சேர், டிக்கெட் எடுத்தாச்சு. இப்ப ஒவ்வொரு நாளும் இமெயில் வருது. குடிக்கிற பெக்கேஜ், இன்டர்நெட் பெக்கேஜ், சாப்பாட்டு பெக்கேஜ், டூர், போட்டோ. இன்றைக்கே எடுத்தா 30 சதவீதம் கழிவு என்கிறாங்க. எதை எடுக்க, எதை விட?"

"ஊரில் எத்தனை பேர் கஷ்டத்தில் இருக்கும்போது கப்பல் பயணம் ஒரு கேடா" என்று கீழே கொமன்ட் வரும் என்பது தெரியும். அது வேறு விவாதம். இரண்டு வருடம் வெயிலில் நின்று உழைத்தவன் தன் உம்மாவுக்குக் கடலைக் காட்ட நினைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அதே காசு, தேவையே இல்லாத ஐந்து ஆறு சாமானில் கரைந்து போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய 2022ஐ நாம் யாரும் மறக்கவில்லை. இன்றைக்கும் சுமார் 300 ரூபா கொடுத்துத்தான் ஒரு டொலர் வாங்குகிறோம். அமெரிக்கக் குடும்பம் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிற 12 டொலர் நமக்கு 3,600 ரூபா.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். டிக்கெட் விலைக்குள்ளேயே கபின், பிரதான சாப்பாட்டு மண்டபம், புஃபே, மேடை நிகழ்ச்சிகள், நீச்சல் தடாகம், உடற்பயிற்சி அறை, பகல் நேரத்துப் பிள்ளைகள் கழகம் எல்லாம் அடங்கிவிடும். ஒரு எக்ஸ்ட்ராவும் எடுக்காமல் போனாலும் பட்டினி கிடக்க மாட்டீர்கள், சலிப்பும் வராது. கப்பல் கொம்பனி டிக்கெட்டை மலிவாகக் காட்டிவிட்டு, லாபத்தை ஏறிய பிறகு எடுக்கிற விதமாகத்தான் இந்த வியாபாரம் அமைந்திருக்கிறது. கப்பலில் கைக்காசு புழங்காது. ஏறும்போது ஒரு கார்ட் தருவார்கள். கபின் கதவும் அதுதான், காசும் அதுதான். நோட்டை எண்ணிக் கொடுத்தால் கை கூசும். கார்டைத் தட்டும்போது அந்தக் கூச்சம் வராது. அதனால்தான் என்ன வாங்குவது என்ற முடிவு வீட்டில், குசினி மேசையில் இருந்து எடுக்க வேண்டிய முடிவு என்கிறேன். ஏறின பிறகு எடுக்கிற முடிவுகள் பெரும்பாலும் பக்கத்து மேசையைப் பார்த்து எடுக்கிற முடிவுகள்.

கணிதம் படிப்பிக்கிறவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் இருக்கிற விலை "ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு". அதை ஆட்களால் பெருக்குங்கள், நாட்களால் பெருக்குங்கள், அதன்மேல் கப்பல்காரர் சேர்க்கிற 18 சதவீத சேவைக் கட்டணத்தையும் போடுங்கள். சில கப்பல்களில் அது 20 சதவீதம். பிறகு 300ஆல் பெருக்குங்கள். வருகிற தொகைதான் உண்மையான விலை.

குடிக்கிற பெக்கேஜில் இருந்து தொடங்குவோம். கொம்பனிகள் மிகக் கூடுதலாகத் தள்ளி விற்பது இதைத்தான். மதுபானப் பெக்கேஜ் நமக்குச் சம்பந்தமில்லாதது, அது அத்தோடு முடிந்தது. ஆனால் வேலைத்தள நண்பர்களோடு ஒரே கபினில் போகிற நம் பையன்கள் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ரோயல் கரீபியன் போன்ற கொம்பனிகளில் ஒரு கபினில் ஒருவர் மதுபானப் பெக்கேஜ் எடுத்தால், அதே கபினில் இருக்கிற மற்றப் பெரியவரும் எடுக்க வேண்டும் என்பது பொது விதி. கபினைப் பகிர முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ரிசெப்ஷனில் நின்று விளக்கம் சொல்வது சங்கடம்.

நமக்குக் குறி வைத்து வருவது சோடா பெக்கேஜ். பிள்ளைகள் இருக்கிற குடும்பம் என்றால் கட்டாயம் கேட்பார்கள். நாளைக்கு 12 டொலர் என்று வைப்போம். 18 சதவீதம் சேர்த்தால் 14 டொலர் 16 சதம். நான்கு பேர், நான்கு நாள்: 226 டொலருக்கு மேல். நம் காசில் 68,000 ரூபா. எதற்கு? கொக்கா கோலாவுக்கு! இதே கப்பலில் ஒரு கான் சோடா மூன்றரை டொலர் என்றால், சேவைக் கட்டணத்தோடு நாலு டொலர் சொச்சம். இரண்டு பிள்ளைகளுக்கும் நாளைக்கு ஒவ்வொன்று வாங்கிக் கொடுத்தாலும் நான்கு நாளைக்கு 33 டொலர், பத்தாயிரம் ரூபாவுக்குள் முடிந்துவிடும். தண்ணீர், தேயிலை, கோப்பி, காலைச் சாப்பாட்டோடு ஜூஸ் எல்லாம் புஃபேயில் சும்மா கிடைக்கும். நாளைக்கு நாலு சோடா குடிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் பெக்கேஜ் லாபம்தான், ஆனால் அப்படியென்றால் கப்பலுக்கு முன் பல் டொக்டரிடம் போக வேண்டும்.

இன்டர்நெட் கொஞ்சம் சிக்கலானது. 2022க்குப் பிறகு பல கப்பல்களில் ஸ்டார்லிங்க் வந்துவிட்டது, வேகம் நல்லது, வீடியோ கோல் எடுக்கலாம். ஆனால் விலை ஆளுக்கு அல்ல, போனுக்கு. ஒரு போனுக்கு நாளைக்கு 25 டொலர் என்று பிடித்தால், நான்கு போனுக்கு நான்கு நாள் 400 டொலர். ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா! என் கருத்து, குடும்பத்துக்கு ஒரு போனுக்கு மட்டும் எடுங்கள். பல கப்பல்களில் ஒரு போனில் லொக்அவுட் செய்துவிட்டு மற்றப் போனில் லொகின் செய்யலாம். வீட்டில் வயதான உம்மம்மாவை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அந்த ஒரு இணைப்பு தேவைதான், அதை வீண்செலவு என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளின் டிக்டொக்குக்காக மூன்று இணைப்பு எடுப்பதுதான் வீண். கப்பலின் நிகழ்ச்சி நிரல் பார்க்கிற அந்தக் கொம்பனியின் எப், பல கப்பல்களில் காசு கட்டாமலே கப்பல் வைபையில் வேலை செய்யும். கரையில் இறங்கும் நாளில் அந்த நாட்டு இசிம் ஒன்று போதும், மிக மலிவு.

வாங்காமலே காசு போகிற ஒரு இடமும் இருக்கிறது. நடுக்கடலில் உங்கள் போன் தானாகக் கப்பலின் சட்டலைட் நெட்வேர்க்கைப் பிடித்துக்கொள்ளும். அது சாதாரண ரோமிங் அல்ல. நிமிடத்துக்கும் எம்பிக்கும் கொள்ளை விலை. கப்பல் கரையை விட்டு நகர முன்பே எல்லாருடைய போனையும் ஏரோப்பிளேன் மோடில் போட்டு, வைபையை மட்டும் திறந்து வையுங்கள். பிள்ளைகளுடைய போனை நீங்களே கையில் வாங்கிச் செய்யுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். காசு கட்டிச் சாப்பிடுகிற ஸ்பெஷல் ரெஸ்டூரன்ட் என்றால் சாப்பாடும் சுத்தம், ஹலாலுக்கும் உத்தரவாதம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. 40 டொலர் ஸ்டேக்கும் புஃபேயில் இருக்கிற இறைச்சியும் நமக்கு ஒரே கேள்விதான்: யார் அறுத்தது, எப்படி அறுத்தது, எந்தச் சட்டியில் சமைத்தது. "பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்று சிங்கப்பூர்ப் பக்கம் பலகை போடுவார்கள். அது ஹலால் சான்றிதழ் அல்ல, இரண்டும் வேறு. பிரதான மண்டபத்தில் மீன், முட்டை, மரக்கறி தாராளமாகக் கிடைக்கும். இந்திய மரக்கறிச் சாப்பாடு கேட்டால் பல கப்பல்களில் செய்து தருவார்கள். முதல் நாள் இரவே தலைமைப் பரிசாரகரைக் கண்டு, "நாங்கள் இன்ன இன்ன சாப்பிட மாட்டோம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், அடுத்த நாளிலிருந்து அவர்களே கவனித்துக்கொள்வார்கள். எங்கள் மேசைக்கு வந்த இந்தோனேசியத் தம்பி இரண்டாம் நாள் நாங்கள் கேட்காமலே "இதில் வைன் போட்டிருக்கிறது, வேண்டாம்" என்று சொல்லித் தட்டை அப்புறம் எடுத்து வைத்தார். அதற்கு எந்தப் பெக்கேஜும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஹலால்தான் உங்களுக்கு முதல் விஷயம் என்றால், அதைக் கப்பலில் ஏறிய பிறகு காசு கொடுத்துத் தேடாதீர்கள், கப்பலைத் தெரிவு செய்யும்போதே பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து போகிற ஜெண்டிங் ட்ரீம் போன்ற கப்பல்கள் ஹலால் சான்றிதழ் பெற்ற சாப்பாடு இருப்பதாகச் சொல்லியே விற்கின்றன. எந்த ரெஸ்டூரன்ட், யார் கொடுத்த சான்றிதழ், எந்தத் திகதி வரை என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். "எல்லாம் இருக்கு காக்கா, பயப்படாதீங்க" என்ற வொய்ஸ் மெசேஜை எழுத்தாக எண்ண வேண்டாம்.

கரையில் இறங்கிச் சுற்றுகிற டூர் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. இதில் ஒரே விடை கிடையாது, துறைமுகத்தைப் பொறுத்தது.

பினாங்கில் கப்பல் டூர் எடுப்பதை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். ஸ்வெட்டன்ஹம் துறைமுகம் ஜோர்ஜ் டவுன் நகரத்தின் வாசலிலேயே இருக்கிறது. இறங்கினால் நடந்தே போகலாம். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் 1800களின் தொடக்கத்தில் உண்டாக்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா வீதி, நாகூர் தர்கா, லிட்டில் இந்தியா எல்லாம் பக்கம் பக்கம். தமிழில் விலாசம் கேட்கலாம், தமிழிலேயே பதில் வரும். நாசி கண்டார் கடைக்குப் போய் இருந்தால் கப்பலில் மூன்று நாள் தேடிய சாப்பாடு பத்து நிமிடத்தில் மேசைக்கு வரும். இதற்குப் போய் ஆளுக்கு 60, 70 டொலர் கொடுத்து பஸ்ஸில் ஏறி, கொடி பிடித்தவருக்குப் பின்னால் அலைவானேன்?

போர்ட் கிளாங் அப்படியல்ல. விளம்பரத்தில் "கோலாலம்பூர்" என்று போட்டிருப்பார்கள். துறைமுகத்திலிருந்து நகரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பாதை, டிராபிக் இருந்தால் இன்னும் கூட. வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் இருக்கிற குடும்பம் தனியாக டெக்சி பிடித்துப் போய், மாலை நெரிசலில் மாட்டிக்கொண்டால் நெஞ்சு பதறும். கப்பலின் டூரில் போனவர்கள் பிந்தினால் கப்பல் அவர்களுக்காக நிற்கும். தனியாகப் போனவருக்கு நிற்காது. ஏணியை இழுத்துக்கொண்டு போய்விடும். அடுத்த துறைமுகம் வரைக்கும் விமான டிக்கெட் உங்கள் செலவு. அங்கே டூர் விலையில் பாதி, பிந்தினால் கப்பல் காத்திருக்கும் என்ற அந்த உத்தரவாதத்துக்கு என்று எண்ணிக்கொண்டு கட்டலாம். அல்லது அன்றைக்குக் கப்பலிலேயே நின்றுவிடலாம். ஆட்கள் இறங்கிப் போன பிறகு நீச்சல் தடாகம் வெறுமையாக இருக்கும். நம் பெண்பிள்ளைகளுக்கு அது ஒரு வாய்ப்பு.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கரையில் கட்டாது. படோங் பக்கம் கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். டூர் எடுத்தவர்களை முதலில் இறக்குவார்கள். மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். காலையில் இறங்கி மாலையில் ஏற வேண்டிய நாளில் அந்த ஒன்றரை மணித்தியாலம் பெரிது. இங்கே டூர் எடுக்கிறவரை நான் தடுக்க மாட்டேன். இன்னொன்று, தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பின்னால். கரைக்குப் போனதும் உங்கள் போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், போனில் நாலு மணி என்று பார்த்துக்கொண்டு தேங்காய் குடித்துக் கொண்டிருக்கும்போது கப்பலில் ஐந்து மணி. கையில் பழைய மணிக்கூடு ஒன்று கட்டி, அதைக் கப்பல் நேரத்தில் வைத்திருங்கள். இறங்கும்போது கதவில் எழுதியிருக்கிற, திரும்பி ஏற வேண்டிய நேரத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ என்றதும் கப்பல் போட்டோக்காரர்கள் ஞாபகம் வருகிறார்கள். ஏறும்போது, இறங்கும்போது, சாப்பிடும்போது என்று எடுத்துக்கொண்டே இருப்பார்கள். எடுத்தால் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எடுக்கவே வேண்டாம் என்றும் சொல்லலாம், ஒரு கையசைப்பு போதும், கோபிக்க மாட்டார்கள். சில கப்பல்களில் படங்களைச் சுவரில் எல்லாரும் பார்க்க மாட்டி வைப்பார்கள். வீட்டுப் பெண்களின் படம் அங்கே தொங்குவதை விரும்பாதவர்கள் முன்பே மறுத்துவிடுவது நல்லது. ஸ்பா, பிங்கோ, சித்திர ஏலம், கசினோ பற்றி நான் எழுதத் தேவையில்லை.

வீடியோ கேம் அறை மட்டும் ஒரு வரி. பிள்ளைகளின் கார்டிலும் காசு போகும். முதல் நாளே ரிசெப்ஷனுக்குப் போய், பிள்ளைகளின் கார்டில் செலவு செய்ய முடியாதபடி தடுக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை.

பல்கனி கபின் பற்றி வீட்டுக்குள் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. "தூங்க மட்டும்தானே போறோம், உள்கபின் போதும்" என்பது என் வாதம். மூன்று நான்கு இரவுக்கு அது கணக்கில் சரியும்கூட. என் மனைவி சொன்னது வேறு. கப்பல் முழுக்க ஆட்கள். நாள் முழுக்க ஹிஜாபோடு, ஆட்களுக்கு நடுவில். கடல் காற்றைத் தலையில் வாங்கிக்கொண்டு ஒரு கோப்பைத் தேயிலையோடு தனியாக இருக்க ஒரு பெண்ணுக்கு வேறு எந்த இடம் இருக்கிறது? அந்த நியாயத்துக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. விலை வித்தியாசம் தாங்கக்கூடியது என்றால், சோடாவையும் ஸ்டேக்கையும் விட்டுவிட்டு அந்தக் காசை இதில் போடுங்கள். பக்கத்துப் பல்கனியிலிருந்து எட்டிப் பார்க்க முடியாத கபினாகக் கேளுங்கள். கடல் ஒத்துவராத ஆட்கள் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் எடுங்கள். ஆட்டம் குறைவு.

எந்த நிலையிலும் குறைக்கக் கூடாது என்று நான் நினைக்கிற செலவுகள் இரண்டு இருக்கின்றன. இரண்டுக்கும் அழகான விளம்பரப் படம் கிடையாது.

ஒன்று காப்புறுதி. கப்பலில் டொக்டர் இருக்கிறார், ஆனால் அது அரசாங்க ஆஸ்பத்திரி அல்ல. ஒரு சேலைன் ஏற்றினாலும் பில் உங்கள் கபின் கணக்கில் விழும். நிலைமை மோசமாகி, நடுக்கடலிலிருந்து ஹெலிகொப்டரில் கரைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் செலவு பல்லாயிரம் டொலர். ஒரு வீடு விற்கிற காசு. சீனி, பிரசர், நெஞ்சு வருத்தம் இருக்கிற வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர், சோடா பெக்கேஜுக்கு 68,000 கட்டிவிட்டு காப்புறுதியில் மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சாதாரணப் பயணக் காப்புறுதி எல்லாம் கடல் பயணத்தைச் சேர்க்காது. குரூஸ் அடங்குமா, கப்பலிலிருந்து நோயாளியை அகற்றும் செலவு அடங்குமா, ஏற்கனவே இருக்கிற வருத்தங்கள் அடங்குமா என்ற மூன்றையும் கேட்டு, பத்திரத்தில் காட்டச் சொல்லுங்கள். மருந்தைக் கைப்பையில் கொண்டுபோங்கள், பெரிய பெட்டி கபினுக்கு வந்துசேர இரவாகலாம்.

மற்றது டிப்ஸ். இதை எழுதத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன்.

பெரும்பாலான கொம்பனிகள் ஆளுக்கு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணத்தைத் தாமாகவே உங்கள் கணக்கில் போடும். அமெரிக்கக் கொம்பனிகளில் அது 16இலிருந்து 20 டொலர் வரை. பல இடங்களில் பிள்ளைக்கும் அதே தொகை. 18 என்று வைத்தால், நான்கு பேருக்கு நான்கு நாளைக்கு 288 டொலர், 86,400 ரூபா. என் சம்பளத்தோடு தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிற தொகை, சிறியது என்று நான் சொல்லவில்லை. இதைப் பார்த்தவுடன் யூடியூபில் ஒருவர் சொல்லித் தருகிறார்: "முதல் நாளே ரிசெப்ஷனுக்குப் போய், டிப்ஸை எடுத்துவிடச் சொல்லுங்க, அவங்க ஒண்ணும் கேட்க மாட்டாங்க." உண்மைதான், பல கப்பல்களில் எடுத்துவிடலாம். நம் வட்ஸ்அப் குழுக்களிலும் அந்த வீடியோ சுற்றுகிறது, கீழே எல்லாரும் கட்டை விரல் போடுகிறார்கள்.

அந்தக் காசு யாருக்குப் போகிறது என்று யோசித்தீர்களா? உங்கள் கட்டிலை விரிக்கிறவர், தட்டைத் துடைக்கிறவர், நீங்கள் கண்ணால் காணாத சமையலறையில் நிற்கிறவர். பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, நம் நாடு. ஆறு மாதம் எட்டு மாதம் வீட்டைக் காணாத ஒப்பந்தம். கடல்சார் தொழிலாளர் சமவாயம் என்ற 2006ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை, கப்பலில் வேலை செய்கிறவருக்குக் கிழமைக்கு 72 மணித்தியாலத்துக்கு மேல் வேலை கொடுக்கக் கூடாது என்கிறது. எழுபத்திரண்டு என்பது எல்லை! நம்ம ஊரில் இப்படிப் பிள்ளையை அனுப்பிவிட்டு மாதக் கடைசியில் வங்கிக் குறுஞ்செய்தி வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிற வீடு எந்தத் தெருவில் இல்லை? டோஹா ஹோட்டலில் நம் தம்பிக்கு ஒருவர் டிப்ஸ் மறுத்தால் அது கஞ்சத்தனம், நாம் கப்பலில் மறுத்தால் அது புத்திசாலித்தனமா?

"கொம்பனிதானே முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும், நான் ஏன் கொடுக்க வேண்டும்" என்ற வாதம் நியாயமானது. டிக்கெட்டை மலிவாகக் காட்டுவதற்காகச் சம்பளத்தின் ஒரு பகுதியைப் பயணியின் தலையில் கட்டுவது கொம்பனிகளின் தந்திரம்தான். பிரித்தானியாவின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019இல் இந்தத் தினசரி டிப்ஸை நிறுத்தி, டிக்கெட் விலைக்குள்ளேயே சேர்த்துவிட்டது. மற்றவர்களாலும் அப்படிச் செய்ய முடியும். ஆனால் ரிசெப்ஷனில் போய் அதை எடுத்துவிடச் சொன்னால் கொம்பனிக்கு வலிக்காது. வலிப்பது கபின் தம்பிக்கு. கொம்பனியின் தந்திரத்துக்கு எதிர்ப்புக் காட்ட விரும்புகிறவர், டிப்ஸ் உள்ளடங்கிய டிக்கெட்டைத் தேடி எடுக்கட்டும், கொம்பனிக்குக் கடிதம் எழுதட்டும். அதைக் கட்ட வசதியில்லாதவர் ஒரு இரவு குறைந்த பயணத்தை எடுக்கட்டும். இந்த 86,400ஐ டிக்கெட் விலையோடு சேர்த்து முதல் நாளே எண்ணிக்கொண்டால், கடைசி நாளில் அதிர்ச்சி வராது. இதில் என்னோடு உடன்படாதவர்கள் கொமன்டில் எழுதுங்கள். ஆனால் கப்பலில் வேலை செய்த, அல்லது செய்கிற நம் பிள்ளைகள் யாராவது இந்தப் பதிவைக் கண்டால் நீங்களும் எழுதுங்கள். உங்கள் வாயால் கேட்பது நான் எழுதுவதை விடப் பெறுமதி.

டிசம்பர் லீவுக்குப் போக இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். நம் கடவுச்சீட்டோடு, கப்பல் நிற்கிற ஒவ்வொரு நாட்டுக்கும் விசா வேண்டுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். நான் கரையில் இறங்க மாட்டேன் என்று சொன்னாலும் விசா இல்லாதவரை ஏற்றாமல் விட கொம்பனிக்கு உரிமை இருக்கிறது. எடுக்கத்தான் வேண்டும் என்று தீர்மானித்த டூரையும் ஒரு போன் இன்டர்நெட்டையும் வீட்டிலிருந்தே ஒன்லைனில் எடுங்கள். ஏறிய பிறகு பெரும்பாலும் விலை கூட. எடுத்த பிறகு விலை குறைந்தால், பல கொம்பனிகளில் பயணத்துக்கு முன் ரத்துச் செய்துவிட்டு குறைந்த விலைக்குத் திரும்ப எடுக்கலாம். ஆகவே "இன்றைக்கே கடைசி நாள்" என்ற இமெயிலுக்கு அவசரப்படத் தேவையில்லை.

கப்பலில் கணக்கை ஒவ்வொரு இரவும் எப்பிலோ கபின் டிவியிலோ பாருங்கள். பிழையாக ஏதாவது விழுந்திருந்தால், கடைசி இரவுக்கு முதல் இரவே ரிசெப்ஷனுக்குப் போய்ச் சொல்லுங்கள். இறங்குகிற நாள் காலையில் அந்த வரிசை நீச்சல் தடாகம் வரைக்கும் நீளும், அப்போது யாருக்கும் உங்கள் ஏழு டொலரைக் கேட்க நேரம் இருக்காது.